மூத்துப்போன மடைக்கதவு

எங்கள் குடும்பத்துப் பெரியவர் குத்தாலம் கல்யாணம் வீட்டு மடைக்கதவுக்கு 2023 ஆனி மாதம் ஒரே முற்பகலில் நூற்றிருபது வயது கூடியது. சென்னையில் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை அறையில், மேசைமேல், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடியது. பூம்புகார் பக்கத்து வயலுக்காக அவர் மகள் ஹம்சத்வனி நான்கு வருடங்களுக்கு முன் செய்த எஃகுக் கதவு அது. அதன் மிதவை நல்ல தண்ணீரில் அமிழ்ந்து கிடக்கும். கடல்நீர் வாய்க்காலில் ஏறினால் மேலெழுந்து மடையை அடைத்துவிடும். அவள் விண்ணப்பித்து இரண்டு நாள் கழித்து, தரங்கம்பாடியில் பட்டறை வைத்திருக்கும் யூனுஸும் அதே கதவுக்கு விண்ணப்பித்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. உப்பு இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

ஆய்வு அதிகாரி இசைவாணி இரண்டு விண்ணப்பங்களையும் வரிவரியாக ஒத்துப்பார்த்துவிட்டு, இரு தரப்பையும் கதவுகளோடு வரச் சொன்னார். யார் முதலில் செய்தது என்று கேட்டதும், தன் அத்தா காலத்திலேயே இது பட்டறையில் இருந்தது என்றார் யூனுஸ். உடனே அவர் கதவு மங்கித் துருப்பிடித்தது. எங்கள் குடும்பத்தில் யாரும் பொய் சொன்னதில்லை, கூட்டிச் சொன்னதுண்டு. தன் தகப்பனார் 1961லேயே வைத்திருந்ததாகக் கல்யாணம் கூட்டினார். எங்கள் கதவும் துருவேறியது. டேனிஷ்காரன் கோட்டைக்கே தன் முன்னோர் செய்து கொடுத்ததாக யூனுஸ் சொல்ல, அவர் கதவு மரமானது. கல்யாணம் தன் பாட்டனாரை இழுத்தார். எங்கள் கதவும் மரமாகி, ஓரத்தில் ஓர் இலை விட்டது. இசைவாணி அதைக் கோப்பில் குறித்துக்கொண்டார்.

“ஐயா, இது நிலத் தகராறு இல்லீங்க. அங்க பழசு ஜெயிக்கும், இங்க பழசு தோத்துடும். முன்னமே ஊர்ல புழங்கின பொருள்னா ரெண்டு பேருக்குமே கிடையாது. அப்படியே எழுதிடட்டுங்களா?”

“அப்பா, தாத்தா பேரைக் காப்பாத்தப் போய் என் பேரை அழிச்சிடாதீங்க,” என்றாள் ஹம்சத்வனி.

கல்யாணம் கதவை ஒட்டி வந்து நின்றார். அவருடைய தகப்பனார் காலத்தில் ஏழு மா நிலம் கைவிட்டுப் போனதை, கோயிலுக்கு எழுதிவைத்தோம் என்றே அறுபது வருடமாக ஊரில் சொல்லிவந்திருக்கிறோம்.

“எழுதிக்கங்கம்மா,” என்றார். “எங்கப்பாவுக்கு உப்பைத் தடுக்கத் தெரியாது. ஏழு மாவும் உப்புலதான் போச்சு. கோயிலுக்கு ஒரு குழிகூடக் கொடுக்கல. கதவு செஞ்சது என் பொண்ணு. அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல எவனும் செய்யல.”

இலை உள்ளே போனது. மரம் இரும்பாகி, இரும்பு எஃகாகி, பூச்சு அவள் பூசிய அன்றைய ஈரத்துக்கே திரும்பி, கல்யாணத்தின் வேட்டியில் பச்சையாக ஒட்டியது.

“எங்க அத்தா வண்டிச் சக்கரம்தாங்க அடிச்சாரு,” என்றார் யூனுஸ். “இவரு பாட்டனாரைக் கொண்டாந்தா நான் சும்மா இருக்க முடியுமா?” அவர் கதவும் பளபளத்தது.

இரண்டு நாள் முந்திய தேதிக்காகக் கதவு ஹம்சத்வனி பெயரில் பதிவானது. உப்பு அரிக்காத பித்தளைக் கீல் யூனுஸின் விண்ணப்பத்தில் மட்டும் இருந்ததால், அது அவர் பெயரில் பதிவானது. இன்று கடலோரத்தில் நாற்பது வயல்களில் அவளுடைய கதவு அவருடைய கீலில் ஆடுகிறது. அதன் அருகில் நின்று யாரும் குடும்பப் பெருமை பேசுவதில்லை. பேசியே ஆகவேண்டுமென்றால் நாலு வரப்பு தள்ளிப் போய்ப் பேசுகிறோம்.