டப்பாப் பாலை நிறுத்திய வாரம்

ஒரு தொழிற்சாலைக்கே சமைத்துப் போடுகிறவள் நான். என் சாப்பாட்டைக் குறை சொல்லிவிட்டு எந்த வெல்டரும் கேன்டீனில் என் முன்னால் நின்றதில்லை. நிற்க விட்டதில்லை என்று சொல்வதுதான் சரி. அப்படிப்பட்ட என்னை, நாலு பல்லை வைத்துக்கொண்டு ஒருத்தி வாயை இறுக மூடித் தோற்கடித்தாள். அவள் என் மகள். ஒரு வயது. நல்ல பெயர் ஒன்று பிறப்புச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது. வீட்டில் வாண்டு.

எனக்குக் காலை ஷிஃப்ட். என் வீட்டுக்காரருக்கு பஸ் ஓட்டுகிற வேலை, மதியத்துக்கு மேல். நான் வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் காக்கிச் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டு நிற்பார். “துணி மாத்தியாச்சு. தூங்கி எழுந்துட்டா. மூக்கு ஒழுகுது” என்பார். பிள்ளை கை மாறும். அவர் திரும்பி வருவதற்குள் நான் தூங்கிப் போயிருப்பேன். பிள்ளை பிறந்ததிலிருந்து எங்கள் குடித்தனம் இதுதான். புருஷன் முகத்தைப் பார்ப்பதைவிட அவர் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன்.

தொழிற்சாலையின் குழந்தைகள் காப்பகத்தில் ஓர் இடம் காலியானது. அது கிடைத்தால் அவர் காலை ஷிஃப்டுக்கு மாறிக்கொள்ளலாம், டிப்போவில் சரி என்று சொல்லிவிட்டார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கலாம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வேறு எதற்காகவும் நான் இப்படித் தவித்ததில்லை.

காப்பகத்து டீச்சருக்கு என் தங்கை வயதுதான் இருக்கும். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். “பாட்டில், டப்பாப் பால் எல்லாம் இங்க கெடையாதுக்கா. மத்த புள்ளைங்க சாப்பிடுறத சாப்பிடணும், கப்புல பால் குடிக்கணும். வெள்ளிக்கிழம கூட்டிட்டு வாங்க, உக்கார வச்சுப் பாப்போம். சரிப்படலன்னா அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவேன், கோச்சுக்காதீங்க.”

தடுப்பூசி போட்ட நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். “ஒரு வயசாயிடுச்சுல்ல, இனிமே பவுடர் எதுக்கு? சாதாரணப் பாலே போதும். முதல்ல சாப்பாடு, அப்புறம் பால். வயிறு முட்டப் பாலக் குடுத்துட்டு, சோறு எறங்கலன்னு எங்கிட்ட வந்து நிக்காதீங்க.”

ஆரம்பித்தேன். டப்பாப் பாலில் கொஞ்சம் சாதாரணப் பாலைக் கலந்து, நாளுக்கு நாள் அதைக் கூட்டி, இதைக் குறைத்து. பாட்டிலில் கொடுத்தால் எதைக் கலந்தாலும் குடித்தாள். கப்பைக் காட்டினால் தட்டிவிட்டாள். உருளைக்கிழங்கை மசித்துக் கொடுத்தேன், துப்பினாள். முட்டையின் மஞ்சள் கருவைக் கொடுத்தேன், என் மூக்கில் பூசினாள். குழையக் குழையச் சோற்றை வடித்து வாய்க்கருகே கொண்டுபோனால், ஏதோ விஷத்தைக் கண்டவள் மாதிரி வீல் என்று கத்தினாள். தலைகீழாக நின்று பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுது அழுது அவளுக்கு முகம் வீங்கியபோது எனக்குப் பொறுக்கவில்லை. டப்பாவை எடுத்து, பாட்டிலைக் கலக்கி, வாயில் வைத்துவிட்டேன்.

மறுநாள் கைமாற்றும்போது அவர் கேட்டார். “கப்புல குடிச்சாளா?”

“குடிச்சா. சமத்தா குடிச்சா” என்றேன். கூசாமல் சொன்னேன்.

“எங்கிட்ட ஒரு கிண்ணம் சோறு காலி” என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமைக்கிறவள் நான், ஊட்டி ஜெயித்தது பஸ் டிரைவரா? அடுத்த நாள் நான் ஒன்றரைக் கிண்ணம் என்றேன். அவர் முட்டையும் சேர்த்து என்றார். இப்படியே போயிருந்தால் பிள்ளை கல்யாண வயசுப் பெண் அளவுக்குச் சாப்பிட்டிருக்கும்.

வியாழக்கிழமை, அவருக்குத் தெரியாமல் வாங்கிய டப்பாவை ஒளித்து வைக்கலாம் என்று பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே, சோப்புத்தூள் வாளிக்குப் பின்னால் கையை விட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு டப்பா இருந்தது. நான் வாங்கியதில்லை. பாதிக்கு மேல் காலி.

உடனே போன் போட்டேன். டிப்போவில் இருந்தார்.

“ஏங்க, ஒரு கிண்ணம் சோறு காலியா?”

“ஆமா, ஏன்?”

“யாரு காலி பண்ணா? நீங்களா?”

“வாளிக்குப் பின்னாடி உனக்கு என்ன வேல?” என்றார்.

நான் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தேன். “என்னோடத வைக்க வந்தேன்” என்றேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. விடிந்தால் வெள்ளிக்கிழமை.

காப்பகத்தில் குட்டி மேசை, குட்டி நாற்காலிகள். பிள்ளைகள் கையாலும் கரண்டியாலும் அள்ளிக்கொண்டிருந்தார்கள். வாண்டு தன் கிண்ணத்தைத் தொடக்கூட இல்லை. பக்கத்தில் ஒரு பையன் வாழைப்பழத்தை மென்றுகொண்டிருந்தான். இவள் அவன் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு எட்டி, அவன் உதட்டை விலக்கி, விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். பழம் எங்கே போனது என்று தேடுகிறாள்!

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாராவது சாப்பிட்டு இவள் பார்த்திருக்கிறாளா? நான் கேன்டீனிலேயே சாப்பிட்டுவிடுகிறேன். அவர், பிள்ளை தூங்கும்போது இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறார், மிச்சத்தை டிப்போவில். எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் ஒரு பெரிய ஆள் எதிரே உட்கார்ந்து, கெஞ்சி, மிரட்டி, அவள் வாயில் திணிக்கிற ஏதோ ஒன்று. தொழிற்சாலையே என் சோற்றைச் சாப்பிடுகிறது, ஆனால் ஒருவர் சாப்பிடுவதையும் என் மகள் பார்த்ததில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

“டீச்சர், திங்கக்கிழம வரைக்கும் டைம் குடும்மா” என்றேன். நான் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சரி என்றாள்.

அவர் யாரிடமோ கெஞ்சி ஞாயிற்றுக்கிழமை ட்யூட்டியை மாற்றினார். மதியம் தரையில் இரண்டு தட்டு வைத்தோம். சோறு, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு. வாண்டுக்கு ஒன்றும் வைக்கவில்லை. பாட்டிலும் இல்லை. அவளைக் கண்டுகொள்ளாமல் சாப்பிட உட்கார்ந்தோம்.

சிணுங்கினாள். பிறகு தவழ்ந்து வந்து அப்பா மடியைப் பிடித்து எழுந்து, அவர் மெல்லுகிற வாயைப் பார்த்தாள். விரலை விட்டாள். அவர் “ஆ” என்று திறந்து காட்டினார். அவள் என் வாயையும் வந்து பார்த்தாள். பிறகு அவர் தட்டிலிருந்து ஒரு துண்டு உருளைக்கிழங்கை எடுத்து நசுக்கி, வாயில் வைத்து, துப்பினாள். துப்பியதையே மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“பாக்காத, பாக்காத” என்று அவர் கிசுகிசுத்தார். “உன் தட்டப் பாத்து சாப்பிடு.”

மென்றாள். விழுங்கினாள். இன்னொன்று எடுத்தாள். நான் பால் டம்ளரைத் தூக்கிக் குடித்தேன், எனக்குப் பால் என்றாலே ஆகாது. டம்ளரைப் பிடித்து இழுத்தாள். பாதி அவள் நெஞ்சில் கொட்டியது, மீதி உள்ளே போனது. முகத்தைச் சுளித்தாள். மறுபடி இழுத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏன், காரமா?” என்றார்.

“காரமே போடல. பேசாம சாப்பிடுங்க.”

திங்கட்கிழமை அவள் தன் கிண்ணத்தை முடித்துவிட்டு, பக்கத்துப் பையன் கிண்ணத்திலும் கை வைத்தாள். டீச்சர் இடத்தைக் கொடுத்துவிட்டாள். வாசலுக்கு வந்ததுமே அவருக்கு போன் போட்டேன்.

“கெடச்சிருச்சுங்க!”

“நெசமாவா? அப்ப சாயங்காலம் நீ வீட்டுல இருப்ப.”

“ஆமா.”

“இனிமே நானும் இருப்பேன்.”

“ஆமா.”

பின்னால் டிப்போவில் பஸ் உறுமுகிற சத்தம் கேட்டது.

“ஏய்” என்றார். “நாம ரெண்டு பேரும் உக்காந்து என்ன பேசிக்கிறது?”

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அதுதான் சுருக்கென்றது.

“பேச்சு வரும்போது வரட்டும்” என்றேன். “நீங்க வந்து எங்கூட உக்காந்து சாப்பிடுங்க. அவ பாக்கணும்.”