மனோரஞ்சிதத்தில் என்ன பழம்?

பெசன்ட் நகரில் மாதா கோவில் மணி கேட்கும் தூரத்தில், லூயிசாவின் வீட்டு வாசலில் ஒரு மனோரஞ்சிதச் செடி. எந்தப் பழத்தை நினைத்துக்கொண்டு பூவை முகர்ந்தாலும் அந்தப் பழமே மணக்கும் என்பார்கள். ஆனால் பூ மஞ்சளாகப் பழுக்க வேண்டும். பச்சைப் பூ இலையோடு இலையாக இருக்கும், வாசனையே வராது.

சாயங்காலம் ஒரு பூவைப் பறித்துவந்து, "இன்னிக்கு என்ன பழம்?" என்று கேட்பது அவள் கணவர் ஃபிரெட்ரிக்கின் வழக்கம். அவள் ஒன்றைச் சொல்வாள். அவரும் முகர்ந்து ஒன்றைச் சொல்வார்.

போன வருஷக் காய்ச்சலோடு லூயிசாவுக்கு வாசனை தெரியாமல் போயிற்று. யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவள் அம்மாவுக்கும் முதலில் வாசனைதான் போனது, அப்புறம் பெற்ற பிள்ளைகளின் பெயர்கள். தனக்கும் அதுதான் என்று அவளே முடிவுகட்டிவிட்டாள். டாக்டரைக் கேட்கப் பயம். ஃபிரெட்ரிக்குக்குத் தெரிந்தால் மனுஷன் உடைந்துபோவார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இந்தப் புளுகுக்கு அந்தக் கெடுவும் இல்லை, எந்தப் பழத்தைச் சொன்னாலும் சரிதானே.

அன்று அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தாள். ஃபிரெட்ரிக் பூவை நீட்டினார். வாங்கி முகர்ந்தாள், சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"பலாப்பழம்ங்க."

அவர் வாங்கி நிதானமாக முகர்ந்தார். "எனக்குக் கொய்யா."

கதவைத் தள்ளிக்கொண்டு மாளவிகா ஓடிவந்தாள். மாடியில் ஐந்து வருஷமாகக் குடியிருப்பவள், அங்கிள் அங்கிள் என்று அவரிடம் தினமும் வாயாடுகிறவள்.

"ஆன்ட்டி, சுவிட்சைத் தொடாதீங்க. மாடி வரைக்கும் கேஸ் நாத்தம். இங்கேயே உக்காந்திருக்கீங்க, ரெண்டு பேருக்குமா தெரியல?"

பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. மாளவிகா சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, இருவரையும் வாசலுக்குக் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, திரும்ப உள்ளே போனாள்.

லூயிசா கணவர் பக்கம் திரும்பினாள். அப்போதுதான் அவர் கையிலிருந்த பூவைப் பார்த்தாள். பச்சைப்பசேலென்று இருந்தது. தலைக்கு மேல் செடியில் பழுத்த பூக்கள் மஞ்சளாகத் தொங்கின.

"எப்பலேருந்துங்க?"

"உன் காய்ச்சலுக்கு ரொம்ப முன்னாடியே." அவர் தலை நிமிரவில்லை. "நீ பழத்தைச் சொல்லிடுவே. அப்போ நல்ல பூவைத்தான் பறிச்சிருக்கேன்னு நெனச்சுக்குவேன்."

தன்னைப் பற்றிய பயம் அந்த நிமிஷமே லூயிசாவுக்கு மறந்துபோயிற்று. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபிரெட்ரிக் உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அந்தப் பொண்ணு பேரு என்ன, லூயிசா?"