அடுப்பு எரிந்தால் வீடு

தங்கை வீட்டுப் பின்சுவரை மட்டும் ஆறு வருடமாகப் பூசாமல் வைத்திருந்தார்கள். முன்பக்கம் கண்ணைப் பறிக்கும் கல் பதிப்பு, மாடிக்கு வளைந்து ஏறும் படி, குளியலறையில்கூட ஆளுயரக் கண்ணாடி. பின்னால் போனால் வெறும் செங்கல். எங்கள் நகராட்சியில் பூச்சு முடியாத வீடு கட்டி முடியாத வீடு. அதற்கு வரி கிடையாது. தங்கை வீட்டுக்காரர் சிமெண்ட் வியாபாரி. ஒரு சுவர் பூச அவருக்கா சிமெண்ட் கிடைக்காது?

வரி போடுவதற்காக வீடு அளக்கிற வேலை எனக்கு. என் சம்பளத்தில் வரி போக மிச்சம்தான் கைக்கே வரும். இரண்டு அறை வீட்டை நாலு பக்கமும் பூசி, நானே அளந்து, நானே எனக்கு வரி போட்டுக்கொண்ட புத்திசாலி நான். அவள் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் வயிறு எரியும். பொறாமைதான், வேறென்ன? பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் அவளைக் கரையேற்றியதே நான். இன்று அந்தச் சுவரை நான் முறைத்துப் பார்த்தால், "கண்ணு படாம இருக்கத்தான்க்கா அதை அப்படியே விட்டு வச்சிருக்கோம்" என்று சிரிக்கிறாள்.

இந்த வருடம் மாநில பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தது. எங்களுக்கு வர வேண்டிய மானியத்தைப் பாதியாக வெட்டினார்கள். ஆணையர் கூட்டம் போட்டு, வருமானத்துக்கு வழி சொல்லுங்கள், இல்லாவிட்டால் சம்பள உயர்வை மறந்துவிடுங்கள் என்றார். பெரிய கடைக்காரர்களின் பாக்கியை வசூலிக்கலாமே என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் கோர்ட்டில் தடை வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று ஆணையர் கையை விரித்தார். எனக்கு அந்தச் செங்கல் சுவர்தான் கண்முன் நின்றது. எழுந்தேன்.

"சார், சுவரைப் பாக்க வேணாம். அடுப்பைப் பாருங்க. அடுப்பு எரிஞ்சா அது வீடு. வரி போடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள், ஆணையரைத் தவிர. அடுத்த மாதமே ஊர் முழுக்க அதுதான் விதி. கூட வேலை பார்ப்பவர்கள் என் மூளையை மெச்சினார்கள். அது மூளையில் உதித்ததில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தங்கை இருக்கும் பகுதியை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். கூடப்பிறந்தவள் வீட்டுக்கே டேப் எடுத்துக்கொண்டு போகிறாயா என்று என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். ஒரே ஒரு தடவை அவள் முகம் சுண்டிப்போவதைப் பார்க்க வேண்டும். அது போதும் எனக்கு.

அறை அறையாக அளந்தேன். டீ கொண்டுவந்தாள். வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று கேட்டாள். சொன்னேன். கெஞ்சுவாள், சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தேன்.

"இவ்வளவுதானாக்கா? சிமெண்ட் மூட்டைக்குக் கொஞ்சம் விலை ஏத்திட்டா போச்சு. இனிமே அந்தச் சுவரையும் பூசிடலாம். பாக்கவே அசிங்கமா இருந்துச்சு."

டீயைப் பாதியிலேயே கீழே வைத்தேன். அவளுக்கு நல்லது செய்து கொடுத்துவிட்டு அல்லவா வந்து நிற்கிறேன்!

பின்சந்தில் அடுத்த வீடு தையல்காரம்மாவுடையது. ஒரே அறை, தகரக் கூரை, நாலு பக்கமும் செங்கல். பூசுவதற்குப் பணம் சேர்க்கும்போதெல்லாம் சிமெண்ட் விலை முந்திக்கொள்கிறது என்று போன தடவை சொல்லியிருந்தாள். அப்போது சுவரைப் பார்த்தேன், 'முடியவில்லை' என்று எழுதினேன், போய்விட்டேன். இப்போது மூலையில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே பானை கொதித்தது. பக்கத்தில் மலைபோலப் பள்ளிச் சீருடைகள், காஜா எடுக்கப்படாமல் கிடந்தன.

"பாத்துக்கோங்க மேடம், இன்னும் பூசல" என்றாள், தையல் மெஷினை விட்டு எழுந்து.

புது விதியைச் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு வரும் என்பதையும் சொன்னேன். தங்கைக்கு வந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தையல்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பார்க்காத மாதிரி போய்விடலாம். ஆனால் இரண்டு வீடும் ஒரே பகுதி, ஒரே செங்கல். இவளுக்குச் சுவரைக் காட்டி விலக்கு எழுதினால், நாளை அதே சுவரைக் காட்டித் தங்கையும் கேட்பாள், கேட்டால் கிடைக்கும். மறுபடி சிரிப்பாள். அதை மட்டும் என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. டேப்பை வெளியே எடுத்தேன்.

"அடுப்பு எரியலன்னா வீடு இல்லையா மேடம்?"

அவள் குடத்திலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் மொண்டு அடுப்பில் ஊற்றினாள். புகை கிளம்பி அறையை நிறைத்தது. இரண்டு பேரும் இருமினோம். புகைக்குள்ளிருந்து பானை கொதி அடங்கும் சத்தம் மட்டும் கேட்டது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன், டேப்பும் கையில் இருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தவள், டேப்பின் மறுமுனையை எடுத்துச் சுவரோடு சேர்த்து, நழுவாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.