கம்பி கட்டிய கை

விடிவதற்குள் பாய்லர்க்காரன் சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு, விறகைக் கூடை கூடையாகச் சுமந்துவந்து அடுப்பை நிரப்பினான். தீக்குச்சியை மட்டும் உரசவில்லை. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் அந்தச் சலவை ஆலையில், அவன் தீ மூட்டினால்தான் மற்றவர்களுக்கு வேலை. கூடத்தில் அழுக்குப் போர்வைகள் குவிந்து ரத்தமும் மருந்துமாய் நாறின.

நேற்று நீராவிக் குழாய் வெடித்து, அங்கேயே வேலை பார்த்த அவன் மச்சினன் மார்பெல்லாம் வெந்துபோனான். அழுத்தம் மிஞ்சினால் தானே திறக்கும் வால்வு தேய்ந்து, நீராவி வீணாகிக்கொண்டிருந்தது. புதிது வாங்க மனம் வராமல் அதைக் கம்பியால் இறுக்கச் சொன்னது முதலாளி வாய்; இறுக்கியது பாய்லர்க்காரன் கை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று ஊர் ஆறுதல் சொன்னது. அம்புக்கு மனசு இருந்தால் அது எங்கே போய் அழும்?

மனைவி அவனைத் திட்டக்கூட இல்லை. இரண்டு வீட்டுக்கும் இனி அவன் சம்பளம்தான் சோறு, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கட்டும் என்று அனுப்பிவிட்டாள்.

முதலாளி வந்தார். குழாயை மாற்றியாகிவிட்டது; கம்பி அப்படியே இருந்தது. புது வால்வு போடாமல் மூட்டப் பயமாக இருக்கிறது என்று இவன் இழுத்தான்.

"உன் மச்சினனே அந்த ஆஸ்பத்திரியிலதான் கிடக்கிறான். புண்ணு மேல போர்த்தச் சுத்தமான துணி வேணாமா? கடமைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

சரியான இடத்தில் அடித்தார். மூட்டினால் இன்னொருவன் வேகலாம். மூட்டாவிட்டால் வெந்தவனுக்கே துணியில்லை. தீப்பெட்டியை எடுத்தவன் அதைக் கீழே வைத்தான்.

"மூட்ட மாட்டேன் முதலாளி. யார் விசாரிச்சாலும், நீங்க சொல்லி நான்தான் கட்டினேன்னு சொல்லுவேன்."

"சொல்லு. நான் சொன்னதுக்குச் சாட்சி ஏது? ஜெயிலுக்கு நீ மட்டும்தான் போவே."

கூடத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரி போடும் அக்கா முன்னால் வந்தாள்.

"அவன் கட்டும்போது விளக்குப் பிடிச்சவ நான். நீங்க சொன்னதை இந்தக் காதால கேட்டேன்."

கம்பியை வெட்டிக் கொடுத்தது நான் என்றான் துணி பிழிபவன். பார்த்துக்கொண்டு சும்மா நின்றோம் என்றார்கள் மற்றவர்கள். ஒவ்வொருவர் குரலிலும் வெட்கம் இருந்தது, யாரும் பின்வாங்கவில்லை.

"துணியைக் கையாலேயே வெளுத்துக் குடுக்கிறோம். அதுக்கும் கூலி கேப்போம். பாய்லர் பக்கம் போக மாட்டோம்" என்றாள் அக்கா.

மாலைக்குள் ஆலைக்குப் பூட்டுப் போடுவதாகச் சொல்லிவிட்டு முதலாளி காரில் ஏறினார். போட்டாலும் போடுவார்.

முற்றத்தில் விறகடுப்பு மூட்டி அண்டாக்களை ஏற்றினார்கள். கொதிநீரில் அலசி அலசிக் கைகள் சிவந்தன. குவியல் குறைந்த பாடில்லை. பாய்லர்க்காரன் கனத்த போர்வையொன்றைத் தூக்கித் தனியாகப் பிழியத் திணறினான். மறுமுனையை அக்கா பிடித்துக்கொண்டாள்.

"நல்லா முறுக்குடா தம்பி. உன் மச்சினன் குளிர்ல கிடப்பான்."