ஒன்பதாம் கம்பு

கடலலை மணலை வாரியடித்து, காயல் கடலில் சேரும் வாயான பொழியை மூடிய மாசி மாதத்தில்தான் மட்டி சாகத் தொடங்கியது. ராகேல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் சேற்றைத் தடவுவாள். விரலிடுக்கில் அகப்படுவதெல்லாம் வாய் பிளந்த வெற்று ஓடு. தண்ணீர்மேல் பாசி பச்சைப் போர்வையாய்க் கிடந்தது. விடியற்காலையில் மீன்கள் அந்தப் போர்வையின் கிழிசல்களில் வந்து நின்று வாயைத் திறந்து மூடும், எதையோ சொல்ல வந்து மறந்துபோனவை போல.

காரணம் ஊருக்குத் தெரியாததல்ல. மேலே நாலு மைலில் நகரத்துச் சாக்கடை முழுவதும் காயலுக்கு வரும் ஆற்றில் விழுகிறது. மனுமேல் மனுவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். சாக்கடைதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரிகள் திருப்பிக் கேட்டார்கள். அந்த ஆதாரத்தோடு வருவதற்கென்றே பிறந்தவள்போல் வந்து சேர்ந்தாள் குலசேகரத்து ஆதிரா. கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்ததால் நீச்சல் தெரியாது. ராகேல் தன் வள்ளத்தைக் கொடுத்ததோடு துடுப்பையும் தானே பிடித்தாள். மட்டி திரும்பி வரவேண்டும். அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

ஆதிரா கடியப்பட்டணத்துப் பாறைகளிலிருந்து சுத்தமான கடற்பாசி பறித்து வந்திருந்தாள். அதைச் சின்னச் சின்ன வலைப்பைகளில் போட்டு, காயலில் நட்ட கம்புகளில் கட்டவேண்டும். ஒரு வாரத்தில் பாசி தண்ணீரிலுள்ள தழைச்சத்தைக் குடித்துவிடும். பிறகு உலர்த்திப் பொடித்து எந்திரத்தில் கொடுத்தால், அந்தச் சத்து எங்கிருந்து வந்ததென்று சொல்லிவிடும்.

"தழைச்சத்துல கனமானதும் லேசானதும் உண்டுக்கா," என்றாள் ஆதிரா. "உரமூட்டையில இருந்து வந்தா லேசு. மனுசன் வயித்துல இருந்து வந்தா கனம்."

"அப்ப டவுன்காரன் மாட்டுனான்," என்றாள் ராகேல்.

பூவரசங்கொம்புகளை அவளே வெட்டிச் சீவினாள். சாக்கடை விழும் வாயில் ஒன்று. அங்கிருந்து பொழிவரை ஏழு. ஒப்பிட்டுப் பார்க்க அழுக்கு சேராத ஓர் இடமும் வேண்டும் என்று ஆதிரா சுற்றிலும் பார்த்தபோது, ராகேல் யோசிக்கவே இல்லை.

"எனக்க வீட்டு முன்னால, வள்ளம் கெட்டுற கடவுல நடு மக்ளே. எங்க பக்கம் சுத்தம். சுனாமி வீடு வந்த பெறவு வீட்டுக்கு வீடு கக்கூஸ் உண்டு. வெளிய போறவ ஒருத்தி கெடையாது."

இருட்டோடு எழுந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடிய காலம் அவளுக்கு மறக்கவில்லை. அந்தக் கக்கூஸ் கதவுக்கு வருஷாவருஷம் கிறிஸ்துமசுக்கு முன்னால் நீலச் சாயம் பூசுகிறவள் அவள். ஆதிரா மணல்மேல் வரிசையாக நின்ற நாற்பத்திரண்டு வீடுகளைப் பார்த்தாள். குழி எவ்வளவு ஆழம், எப்போது அள்ளினார்கள் என்று மெதுவாகக் கேட்டாள்.

"இத்தன வருசத்துல ஒருக்கக்கூட நெறஞ்சதில்ல," என்றாள் ராகேல் பெருமையாக. "அருமையான குழியாக்கும்."

ஆதிரா ஏதோ சொல்ல வாயெடுத்து, அதையும் பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னாள். ராகேல் ஒன்பதாவது கம்பைக் கல்லால் அடித்து இறக்கினாள், அசைத்துப் பார்த்தாள், அசையவில்லை.

அந்த ஒரு வாரத்தில் ஒன்பதாம் பையின் பாசி தளதளவென்று தழைத்தது. மற்றப் பைகளில் இல்லாத பச்சை. வலைக்கண்ணுக்கு வெளியே விரல் நீட்டி எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டு விக்டோரியா துணி அலச வரும்போதெல்லாம் ராகேலைச் சீண்டினாள்.

"ஏட்டி, மட்டிதான் போச்சுன்னு பாசி வெவசாயம் எறங்கிட்டியா?"

"கைராசி வேணும்ட்டி அதுக்கு," என்றாள் ராகேல்.

எந்திரம் வெகுதூரத்து ஊரில் இருந்தது. முடிவு வர இரண்டு மாதம் ஆயிற்று. ஆதிரா மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். தேயிலைத் தண்ணீர் வேண்டாம் என்றாள். காகிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, முதல் கம்பில் கனம் என்றாள். பொழியை நோக்கி வரவரக் குறைகிறது என்றாள். ராகேலின் முகம் மலர்ந்தது. பிறகு ஆதிரா கடைசி வரியில் விரலை வைத்தாள். எல்லாவற்றையும்விடக் கனம் ஒன்பதாவது. குழி நிறையாததற்குக் காரணம் மணல். மணல் அத்தனையையும் குடித்து, அடிவழியாகக் காயலுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

ராகேல் நீலக் கதவைப் பார்த்தாள்.

"அந்த ஒம்பதாவத விட்டுரு மக்ளே. நாம எட்டு கம்புதான் நட்டோம்."

"ஒம்பதுன்னு மொதல்லயே எழுதிக் குடுத்தாச்சுக்கா. ஒண்ண மறச்சா மத்த எட்டையும் நம்ப மாட்டாங்க." ஆதிராவின் குரல் இறங்கியது. "டவுன் சாக்கடதான் பெரிசுன்னு எழுதியிருக்கேன். நாப்பத்திரண்டு வீட்டுக்கும் கசியாத தொட்டி கட்டிக் குடுக்கணும்னும் எழுதியிருக்கேன்."

"எழுதினத முழுசா வாசிப்பானாட்டி?"

 

வாசித்தார்கள், கடைசி வரியை. நகரத்துச் சாக்கடையைத் திருப்ப எத்தனையோ வருஷம் ஆகும். நாற்பத்திரண்டு வீட்டைக் கிளப்ப ஒரு கடிதம் போதுமாயிருந்தது. ஆடி மாதம் அது வந்தது. காயலை மாசுபடுத்தும் குடியிருப்புகள் என்று அதில் இருந்தது. பள்ளியில் கூட்டம் கூடிப் பேசினார்கள், ஆளாளுக்குப் பேசினார்கள். ராகேல் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஆதிரா பலமுறை போன் செய்தாள். அது மணியடித்து ஓய்வதை ராகேல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் அளக்க வந்தவர்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று காகிதத்தைப் புரட்டினார்கள்.  விக்டோரியா வாசலில் நின்றபடி, "கம்பு நட்டவள்ட்ட கேளும்," என்றாள். இப்போது அதில் சிரிப்பு இல்லை.

ஒன்பதாம் கம்பு கடவில் நின்றது. பூவரசங்கொம்பல்லவா, துளிர்த்திருந்தது. நாலைந்து இலைகூட விட்டிருந்தது. அளவுக்காரர் அசைத்துப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார். நாடாவின் நுனியை ராகேலிடம் நீட்டி, கம்போடு சேர்த்துக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

அவள் பிடித்துக்கொண்டாள். நாடா அவள் கையிலிருந்து விறைத்து, மணல்மேல் ஏறி, அவள் வாசலைக் கடந்து, நீலக் கதவையும் கடந்து போய்க்கொண்டிருந்தது. காலடியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. பொழி இன்னும் திறக்கவில்லை.