உட்காரும் கார்

ஸ்பெயினில், பர்கோஸ் நகரத்தில், ஒன்பது வருடம் அடுத்தவர் வீட்டுக் கிழவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, துடைத்து நான் அனுப்பிய பணத்தில்தான் எங்கள் ஊர் இட்டாகுவாவில் அந்த மனையை வாங்கினோம். முனை மனை. இரண்டு மாமரம், தெருப் பக்கம் ஒரு கடை போட இடம். அந்தக் கடையை நம்பித்தான் ஊருக்குத் திரும்பினேன். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால், என் கணவன் சிரிலோ ஒரு கறுப்புக் காரின்மேல் சாய்ந்துகொண்டு புது மாப்பிள்ளை மாதிரி சிரிக்கிறான். நம்முடையதுதான் என்றான். பணம் ஏது என்று கேட்டேன். மனையைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன் என்றான்.

எங்கள் பராகுவேயில் இது அதிசயமே இல்லை. மாட்டுக்கு மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிளுக்குப் படகு என்று எதையும் எதற்கும் மாற்றுவார்கள். ஆனாலும் மண்ணைக் கொடுத்துப் பழைய காரை வாங்க என் வீட்டுக்காரனுக்குத்தான் தோன்றும். பத்திரம் அவன் பெயரில் இருந்தது. நான் கடலுக்கு அப்பால் இருக்கும்போது வேறு யார் பெயரில் எழுதுவது?

"ஒம்போது வருஷம் கழிச்சு வர்றவ பஸ்ஸுல இடிபட்டு வரக் கூடாதுன்னு நெனச்சேன், ஸுனி," என்றான். அவனிடம் கெட்ட எண்ணம் கிடையாது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் இன்னும் கூடியது.

ஒரு காலத்தில் ஜப்பானில் ஏதோ முதலாளி ஏறிய கார் அது. வலது பக்கம் இருந்த ஸ்டியரிங்கைச் சிலி துறைமுகத்தில் அறுத்து எடுத்து இடது பக்கம் ஒட்டியிருந்தார்கள். சாதாரண வண்டி என்றால் அது தாங்கும். இதற்குள் இருந்ததோ நரம்பு நரம்பாக ஒயர். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அணையும். வைப்பர் மட்டும் பழைய எஜமானுக்கே விசுவாசமாக வலது பக்கத்தைத் துடைத்தது. மழை வந்தால் சிரிலோ என் மடிமேல் சாய்ந்துதான் ரோட்டைப் பார்ப்பான். சாவி போட்டதும் ஒரு ஜப்பான்காரி தேன் குரலில் ஏதோ சொல்வாள். வரவேற்கிறாள் என்பான் அவன். அடுத்த செலவை வாசிக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பெரிய வியாதி வேறு. இந்த ஜாதிக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் மேலே காற்றுப் பைகள். எங்கள் தெருக் கருங்கல்லில் குலுங்கிக் குலுங்கி அவை விரிசல் விட்டன. எஞ்சின் ஓடும்வரை பம்பு காற்றடித்து வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் கழுதை படுப்பதுபோல முன்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். மெக்கானிக் ஓவிதியோ ஒரு பையை மாற்றினான். அடுத்தது போனது. அதையும் மாற்றியபோது, மூச்சு வாங்க அடித்தே பம்பு எரிந்தது. இங்கே விற்கும் பாகம் பொருந்தாது, துபாயிலிருந்து வர வேண்டும் என்றான். அது வருவதற்குள் தண்ணீர் பம்பு ஒழுகியது, கியர் வழுக்கியது. பெட்ரோலோடு எஞ்சின் ஆயிலையும் சேர்த்துக் குடித்தது. துபாய் பம்பு வந்து மாட்டியபோது பைகள் மறுபடி ஒழுக ஆரம்பித்திருந்தன. ஓவிதியோ எங்களைப் பார்த்தாலே நாற்காலி எடுத்துப் போட ஆரம்பித்தான்.

நான் மிச்சம் பிடித்துக் கொண்டுவந்த பணம் இப்படிப் போனது. கடை இல்லை என்றால் மறுபடி பர்கோஸ்தான். என் இடுப்பு இனி எவரையும் தூக்காது. அதைவிட, நான் போகும்போது ஒன்பது வயசாக இருந்த மகள் நில்சாவுக்கு இப்போது பதினெட்டு. என்னை யோசிக்காமல் அம்மா என்று கூப்பிட இப்போதுதான் பழகியிருந்தாள். மறுபடி எப்படிப் போவேன்?

அப்போதுதான் தோன் அனஸ்தாசியோ வந்தார். மாட்டு வியாபாரி. பேத்தியின் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு, எங்கள் ஊரில் அது கல்யாணம் மாதிரி, அவளைக் கறுப்புக் காரில் தேவாலயத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். பதிலுக்குப் பக்கத்து ஊர் இபகாரையில் ஒரு மனை தருகிறேன் என்றார். முன்பு இருந்ததைவிடச் சின்னது, மாமரம் கிடையாது. ஆனால் ரோட்டோரம். சிரிலோ அவர் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டு வண்டியை நிமிர்த்தி வைத்திருந்தான். ஏமாற்றுகிறோம் என்று எனக்கும் தெரியும். வெட்கமாகத்தான் இருந்தது. அந்த மனைக்காக வெட்கத்தை விழுங்கினேன்.

அவர் ஓட்டிப் பார்த்தார். தோல் இருக்கையைத் தடவினார். ஜப்பான்காரியிடம் கொஞ்சிப் பேசினார். சரி என்று சிரிலோவின் கையைப் பிடித்துக் குலுக்கியும் விட்டார். இப்போதே போய்ப் பத்திரம் எழுதிவிடலாம் என்றேன் நான். சிரிலோ எஞ்சினை அணைத்தான்.

"இந்த வெயில்ல வந்த மனுஷனுக்கு ஒரு தெரெரே கூடக் குடுக்காம அனுப்பறதா?" என்றான்.

நான் முறைத்தது அவனுக்கு உறைக்கவே இல்லை. மாமரமே போனாலும் மரியாதை போகக் கூடாது என்று வளர்ந்தவன். நில்சா ஐஸ் தண்ணீரும் இலை போட்ட கொம்புக் குவளையும் கொண்டுவந்தாள். அவள் ஊற்ற ஊற்ற, ஒரே குழலில் மாறி மாறி உறிஞ்சினோம். குடித்தவர் நன்றி என்று சொன்னால் போதும் என்று அர்த்தம். அதுவரை ஊற்றுவதை நிறுத்தக் கூடாது, விருந்தாளியை எழுப்பவும் கூடாது. தோன் அனஸ்தாசியோ நன்றி சொல்லவே இல்லை. மாட்டு விலை பேசினார். இரண்டு மருமகன்களைத் திட்டினார். என் ஸ்பெயின் கதை கேட்டார். அவருக்குப் பின்னால் கார் இறங்கிக்கொண்டிருந்தது.

முதலில் இடது சக்கரம் பாதி மறைந்தது. நான் மாடுகளைப் பற்றிக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டேன். சிரிலோ எழுந்து போய் எஞ்சினைப் போட்டிருக்கலாம். குவளை சுற்றும்போது நடுவில் எழுவதா என்று உட்கார்ந்தே இருந்தான், வியர்த்துக்கொண்டு. கடைசியில் புஸ் என்று ஒரு சத்தம். பெரியவர் திரும்பிப் பார்த்தார். வண்டி மூக்கைத் தரையில் வைத்திருந்தது.

அவர் கத்தவில்லை. குவளையில் மிச்சம் இருந்ததை உறிஞ்சி முடித்தார். நில்சாவின் கையில் அதைக் கொடுத்து, "நன்றி, கண்ணு," என்றார். தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சிரிலோவைத் திட்ட வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. கொல்லைப்புறம் போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்குக்கூட இடுப்பு வலித்தது.

நில்சா குவளையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஸ்பெயின்ல இருக்கற சித்திகிட்ட பேசிட்டேன், அம்மா. பர்கோஸ்ல ஒரு வீட்ல ஆள் கேக்கறாங்களாம். நீ போக வேணாம். நான் போறேன்."

அப்படியெல்லாம் பேசாதே என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. என்னிடம் அனுமதியும் கேட்கவில்லை.

"அங்க ரொம்பக் குளிருமே. உன் கோட்டு எனக்குச் சரியா இருக்குமா?"

உள்ளே போய்ப் பெட்டியிலிருந்து என் கம்பளிக் கோட்டை எடுத்துவந்தாள். அந்தக் கொதிக்கிற வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்றாள். தொளதொளவென்று இருக்காதா, அவளுக்கு இது பெரிது என்று சொல்லிவிட ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். தோள் சரியாக இருந்தது. கை நீளமும் சரியாக இருந்தது. நான் எழுந்து பொத்தான்களைப் போட்டுவிட்டேன்.