சயாம் குழம்பும் உபதேசியாரின் தைரியமும்

வல்லம் வடகால் உபதேசியார் செல்வநாதனுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவர் அவரேதான் என்றாலும் அதில் பொய் அதிகமில்லை. மிஷன் பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து நல்ல பாம்பு விழுந்தபோது பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி அலற, அவர் ஒரு சாக்கைப் போட்டு அதை அமுக்கினார். தூக்கிக்கொண்டு போய் ஏரிக்கரையில் விட்டுவிட்டு வந்து, ஏழாம் வாய்ப்பாட்டை நிறுத்திய இடத்திலிருந்து தொடர்ந்தார். அம்மை கண்ட வீட்டுக்குள் நுழைந்து கட்டிலோரம் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவார். தாசில்தார் முன்னால் ஊரே கைகட்டி நிற்க, இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவார்.

ஒரே ஒரு விஷயம் அவர் மனைவி கிரேசிக்கு மட்டும் தெரியும். கல்யாணமாகி இருபது வருஷத்தில் மனிதர் ஒரு தடவைகூட ரயில் ஏறியதில்லை.

அரக்கோணத்தில் கிரேசியின் தங்கை கல்யாணம். வீட்டார் எல்லோரும் ரயிலில் போக, இவர் மட்டும் மூன்று பஸ் மாறி, தாலி கட்டி முடிந்தபிறகு வந்து சேர்ந்தார். வழியில் நாலு பேருக்குச் சுவிசேஷம் சொல்லும் வாய்ப்புக் கிடைத்ததாம். தாம்பரம் ரயில்வே கேட்டில் பஸ் நின்று, எல்லோரும் இறங்கிக் காற்று வாங்கும்போது, தூரத்தில் ரயில் கூவினால் இவர் குனிந்து செருப்பு வாரைச் சரிபண்ண ஆரம்பித்துவிடுவார். ஒரு தடவை அப்படிக் குனிந்தபோது காலில் செருப்பே இல்லை. கிரேசி பார்த்தும் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவருடைய பேரும் புகழும் ஒரு ரயிலிலிருந்துதான் வந்தது. இருபது வயதில் மலேயா ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவரை ஜப்பான்காரன் பிடித்துப்போய், சயாம் என்று அப்போது சொன்ன தாய்லாந்துக் காட்டில் ரயில்பாதை போட வைத்தான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. இவர் திரும்பினார். அதற்கு நன்றியாக வருஷாவருஷம் ஜூன் மாதக் கடைசி சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் நடக்கும். முதலில் பாட்டு, பிறகு கர்த்தர் தம்மைக் காப்பாற்றிய விதத்தை அவர் சொல்லும் சாட்சி, கடைசியில் சோறும் சயாம் குழம்பும். கூட்டம் எதற்காக வந்தது என்று கேட்டால் சாட்சிக்காக என்பார்கள். தட்டைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

சாட்சி எல்லோருக்கும் மனப்பாடம். வாந்திபேதிக் கொட்டகையில் பிணங்களுக்கு நடுவே கிடக்கிறார். பயந்தாரா? பயப்படவில்லை. விசுவாசத்தோடு கண்ணை மூடி ஜெபிக்கிறார். சயாம்காரப் பெண் ஒருத்தி தேங்காய்ச் சிரட்டையில் குழம்பு கொண்டுவந்து வாயில் ஊற்றுகிறாள். எழுந்து உட்காருகிறார். முதல் வருஷம் கொட்டகையில் மூன்று பிணங்கள் இருந்தன. இப்போது பதினொன்று. சாட்சியில் கூட்டலாம், கழிக்க முடியாது. கிரேசியும் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. அவளுந்தான் ஆள் கூடக்கூடக் குழம்பில் தேங்காய்ப்பாலைக் கூட்டிக்கொண்டு போகிறாள்.

அறுபத்தொன்பதாம் வருஷம் மே மாதம் மகள் ரூத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஷோலாப்பூர் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்கு இடம். ஜூலை ஐந்தாம் தேதிக்குள் தகப்பனார் கூட்டிவந்து சேர்க்க வேண்டும். தவறினால் அடுத்த பெண்ணுக்கு இடம் போய்விடும். ரூத் கடிதத்தோடு வீட்டைச் சுற்றி ஓடினாள். பக்கத்து வீட்டுச் செங்கமலத்திடம் இரண்டு தடவை படித்துக் காட்டினாள்.

“ஜெபம் பண்ணி முடிவெடுப்போம்” என்றார் செல்வநாதன்.

முதல் வாரம் ஜெபித்ததில், அங்கே இந்தி பேசுவார்கள் என்று தெரியவந்தது. இரண்டாம் வாரம், அந்த ஊர் வெயில் ஆகாது என்று வந்தது. மூன்றாம் வாரம், கர்த்தருக்கே சித்தமில்லைபோல் தோன்றுகிறது என்றார். கர்த்தர் பாவம், வந்து எதிர்த்துப் பேசப் போவதில்லை. நான் கூட்டிக்கொண்டு போகிறேனே என்று கிரேசி கேட்டுப் பார்த்தாள். “பொம்பளைங்க ரெண்டு பேர் தனியா ரயில்லயா? வாணாம், வாணாம்” என்றவருக்கு உதட்டுக்கு மேலே வியர்த்திருந்தது.

ரூத் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். “அப்பாவுக்கு நான் படிக்கிறது புடிக்கலம்மா. நேராச் சொல்லிட்டுப் போவலாமில்ல? எதுக்கு சாமி மேல போடறாரு?”

பதில் கிரேசியின் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் இருபது வருஷமாகக் காப்பாற்றிய புருஷன் மானம் போகும். சொல்லாவிட்டால் பெண்ணின் படிப்பு போகும். அவளுக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல் வந்தது. தன் மேலேயும் வந்தது.

ஜூன் கடைசி சனிக்கிழமை வந்துவிட்டது. மத்தியானமே வேலை தொடங்கியது. இந்தக் குழம்பு அம்மியில் அரைக்கிற குழம்பு இல்லை. குழிவான சின்னக் கல் உரலில் இடிக்க வேண்டும். அந்த உரலைச் செய்வித்துக்கொண்டு வந்தவரும் செல்வநாதன்தான். அரைத்தால் ருசி செத்துப்போகும் என்பது அவர் கட்சி. கிணற்றடியில் வளர்க்கும் எலுமிச்சம்புல், செங்கமலம் வீட்டு நாரத்தை இலை, சளிக்குக் கொடுக்கிற சித்தரத்தை, கருவாட்டுக்காரியிடம் வாங்கிய கூனி இறால். கோழியைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தால் வைத்தியர் வீடு என்றுதான் நினைப்பார்கள்.

ரூத் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இடித்தாள். கிரேசி தேங்காய்ப்பால் பிழிந்தாள். முன்னறையில் செல்வநாதன் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். கண் புத்தகத்தில் இருந்தாலும் காது உரலில்தான்.

“சித்தரத்தை இன்னும் மசியல. கட்டைச் சத்தம் கேக்குது பாரு” என்றார் அங்கிருந்தே. கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப புல்லப் போடு. சதக்கு சதக்குன்னு வந்தப்புறம் எல. கூனி கடைசிலதான். அது வுழுந்தா சத்தமே அடங்கிப் பூடும்.”

ரூத் உலக்கையை நிறுத்தினாள். “அம்மா, அப்பா கொட்டாயில சாவக் கெடந்தாருன்னுதானே சொல்வாரு? அவுங்க சிரட்டையில கொணாந்து ஊத்துனாங்க. அப்புறம் எந்தச் சாமானுக்கு எந்தச் சத்தம்னு இவருக்கு எப்பிடித் தெரியும்?”

இருபது வருஷமாக இந்தக் குழம்பை வைத்தவளுக்கு அது தோன்றவே இல்லை. கிரேசி கையைத் துடைத்துக்கொண்டாள். “செங்கமலத்தக்கா வூட்ல இன்னும் நாலு எல பறிச்சினு வா” என்று ரூத்தை அனுப்பிவிட்டு முன்னறைக்குப் போனாள்.

“இன்னாங்க, கொட்டாய்க்கும் அந்தப் பொம்பள அடுப்பங்கரைக்கும் எவ்ளோ தூரம்?”

“அது ஆத்துக்கு அந்தாண்ட…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கிரேசி காத்திருந்தாள். பாட்டுப் புத்தகம் மூடியது.

“நான் கொட்டாயில இல்ல கிரேசி. அவ அடுப்பங்கரையிலதான் இருந்தேன். அரிசிப் பானைக்குப் பின்னால. ஒம்போது நாள்.”

பிறகு அவர் நிறுத்தவில்லை. அடுத்த கேம்புக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போக ரயில் வந்திருக்கிறது. எல்லப்பன் என்று ஒருவன், ஒரே தோட்டத்துக்காரன், ஒரே வயசு. அவன் படியில் நின்று கையை நீட்டி, வாடா என்று கூப்பிட்டிருக்கிறான். “எனக்கு ஏறப் பயம். ஒதுங்கிட்டு வரேன்னு சொல்லி மூங்கில் காட்டுக்குள்ள பூந்துட்டேன். அவன் பேர் சொல்லிக் கூப்பிடறது கேக்குது. நான் ஓடிக்கினே கீறேன். அவன் போன வண்டி பாலத்துமேல போறப்ப ஏரோப்ளேன்லேர்ந்து குண்டு போட்டாங்க.”

கிரேசி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“சிப்பாய்ங்க தேடிக்கினு வந்தா அவ உரல இழுத்துப் போட்டு இடிப்பா. அந்தச் சத்தத்துல என் இருமல் வெளிய கேக்காது. பயந்ததாலதான் நான் பொழச்சேன். இத எப்பிடி சபையில சொல்றது? ஊருக்கு வந்த மொத வருசம், பயப்படலயான்னு மிஷன் தொரை கேட்டாரு. இல்லன்னுட்டேன். எல்லாரும் அல்லேலூயா சொல்லிட்டாங்க.”

கிரேசிக்கு அழுகை வந்தது. அவர்மேல் இவ்வளவு பாசம் அவளுக்கு எப்போதும் வந்ததில்லை, இவ்வளவு கோபமும் வந்ததில்லை.

“கர்த்தர்தான் காப்பாத்துனாருன்னா அந்தப் பயத்தயும் அவர்தான் குடுத்துருப்பாரு. அந்த ஒரு நாளைக்கு வோணும்னு குடுத்தாரு. நீங்க இருவத்தஞ்சு வருசமா திருப்பிக் குடுக்காம வச்சினு கீறீங்க. இப்ப அத எம் பொண்ணு தலையில கட்டப் பாக்கறீங்க.”

ரூத் இலையோடு வந்து உரலடியில் உட்கார்ந்தாள். சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது.

சாயங்காலம் வீடு நிறைந்தது. பாஸ்டர் ஐயா நாற்காலியில் உட்கார்ந்தார். செங்கமலம் வழக்கம்போல் குழம்பு மணத்துக்குப் பக்கமாக இடம் பிடித்தாள். பாட்டு முடிந்ததும் செல்வநாதன் எழுந்தார்.

“நான் வாந்திபேதிக் கொட்டாயில கெடக்கல. ரயில் ஏறப் பயந்து ஓடி, ஒரு பொம்பள வூட்டுல ஒளிஞ்சினு இருந்தேன். இவ்ளோ நாளா உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்” என்றார். எல்லப்பன் பெயரை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை.

கிரேசி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரூத் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்டர் ஐயா மெல்ல எழுந்து அவர் தோளில் கை வைத்தார்.

“பார்த்தீர்களா, பிரியமானவர்களே! இத்தனை பெரிய சாட்சி உள்ள மனிதர், தமக்கு மகிமை வேண்டாம் என்று தம்மைத் தாமே எவ்வளவு தாழ்த்துகிறார்!”

“அல்லேலூயா” என்றது கூட்டம்.

“இல்லீங்க ஐயா, நெசமாவே பயந்தேன்.”

“அல்லேலூயா!” இந்தத் தடவை இன்னும் பலமாக வந்தது. “உபதேசியாராவது பயப்படறதாவது” என்று செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பொய்யை இருபது வருஷம் ஒரு கேள்வி இல்லாமல் நம்பிய சபை, உண்மையை ஒரு நிமிஷம்கூட நம்பத் தயாராக இல்லை.

செல்வநாதனுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. “இப்பவும் பயமாத்தான் கீது” என்றார். “புதன்கிழம ரூத்தக் கூட்டினு ரயில்ல போறேன். எல்லாரும் ஜெபம் பண்ணிக்கோங்க.” பாஸ்டர் ஐயா அதையும் தாழ்மைக் கணக்கில் சேர்த்தார். அன்றைக்குக் குழம்பு மிஞ்சவே இல்லை.

புதன்கிழமை மத்தியானம் சென்ட்ரலில் கிரேசி பார்த்தது, ஒரு மனிதர் மூன்று படி ஏறப் பட்ட பாட்டை. ஒரு கால் படியில், ஒரு கால் பிளாட்பாரத்தில். ஒரு கை கைப்பிடிக் கம்பியில். பின்னால் கூடையோடு ஒருவர், “ஏறுங்க சார், இல்லாட்டி வழி வுடுங்க” என்று கத்தினார். ரூத் உள்ளேயிருந்து கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பிடித்துக்கொண்டு ஏறினார்.

வண்டி நகர்ந்தபோது ஜன்னலில் அவர் கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறார் என்று கிரேசிக்கு நிம்மதியாக இருந்தது.

எட்டாம் நாள் தனியாகத் திரும்பி வந்தார், ரயிலிலேயே. எப்படிப் போனது என்று கேட்டால், போச்சு என்றார். கண்ணை மூடிக்கொண்டே போனேன் என்று பாஸ்டர் ஐயாவிடம் சொல்ல, அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் அது ஷோலாப்பூர் வரை இடைவிடாத ஜெபமாகிவிட்டது. அதற்கு அடுத்த வாரம் ரூத்தின் கடிதம் வந்தது.

“அன்புள்ள அம்மாவுக்கு, இங்கே எல்லாம் சௌகரியம். இடித்துக் கொடுத்த குழம்பு மசாலா பாட்டில் மூன்றே நாளில் காலி, என் அறையில் உள்ள பெண்கள் சும்மாவே வழித்துச் சாப்பிட்டுவிட்டார்கள். அப்பா அரக்கோணம் தாண்டும் வரை கண்ணைத் திறக்கவே இல்லை. எதிரே இருந்த கன்னியாஸ்திரி அம்மா, எவ்வளவு பக்தி என்று சொல்லித் தானும் ஜெபமாலையை எடுத்துக்கொண்டார்கள். நான் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன். அது ஜெபம் இல்லை அம்மா. மிளகாய், உப்பு. சித்தரத்தை. புல்லில் வெள்ளைப் பாகம் மட்டும். நாரத்தை இலை. பூண்டு, வெங்காயம். கூனி கடைசியில். மறுபடியும் மிளகாய், உப்பு. ஒவ்வொரு தடவை கூனி வந்ததும், ‘ஏறிட்டேன்டா எல்லப்பா’ என்றார். எல்லப்பன் யார் அம்மா?”

கிரேசி கடிதத்தைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தாள். “பொண்ணு ஒண்ணு கேட்டுருக்கா. நீங்களே எழுதுங்க” என்று இன்லண்ட் லெட்டரையும் பேனாவையும் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

சோறு வடித்துவிட்டு வந்து அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். இரண்டு வரிதான் எழுதியிருந்தார்.

“அன்புள்ள ரூத்துக்கு, எல்லப்பன் என் சிநேகிதன். அவனுக்கும் அன்றைக்குத் தனியாக ஏறப் பயம், அதனால்தான் என் கையைக் கேட்டான்.”